ஈறுக்கு மருந்து வைத்தால் மட்டும் போதுமா?

"க்ளீனிங் எல்லாம் வேண்டாம் டாக்டர், ஈறில் ஏதாவது மருந்து வச்சு அனுப்புங்க." பல் டாக்டரிடம் போகும் நம் பெண்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று யாரோ கிளப்பி விட்ட புரளி தான் காரணம். இந்தப் பயம் தான் பல்லுக்கு எமன் என்பேன்.

என் ஓரகத்தி அக்காவுக்கு ஒரு வருடமாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர் என்று நாளைக் கடத்தினார். கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்த பிறகு தான் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். எக்ஸ்ரேயில், பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்திருந்தது. அந்தப் பல்லை எடுக்கும்படி ஆகிவிட்டது. மற்ற பற்களுக்கு, "மருந்து மட்டும் போதும்" என்றார் அக்கா. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

ஈறு நன்றாக இருந்தால், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடுக்கு 3 மில்லி மீட்டருக்குள் இருக்குமாம். காரை படியப் படிய ஈறு விலகி, அந்த இடுக்கு பை மாதிரி ஆழமாகிறது. அங்கே பிரஷ் போகாது. கிருமி தங்கி விடும். அதனால் வரும் வீக்கத்தில் எலும்பும் கரைகிறது.

வேர் வரை காரையைச் சுரண்டி எடுப்பது தான் முதல் வைத்தியம். அதற்குப் பிறகும் 5 மில்லி மீட்டருக்குக் குறையாத ஆழம் இருந்தால் மருந்து வைப்பதுண்டு. டெட்ராசைக்ளின் நார், டாக்சிசைக்ளின் ஜெல், குளோர்ஹெக்சிடின் வில்லை என்று பல வகை. வில்லை என்றால் ஒரு வாரம், பத்து நாளில் மருந்தைக் கசிய விட்டு, தானே கரைந்து விடும். வேண்டிய இடத்திலேயே மருந்து நிற்பது நல்லது தான். ஆனால் சுத்தம் செய்வதால் வரும் பலனோடு, சராசரியாக அரை மில்லி மீட்டர் அளவுக்குத் தான் இது கூடுதலாக உதவும். கரைந்து போன எலும்பை வளர்த்துத் தராது. தேய்க்காத பாத்திரத்தில் பால் காய்ச்சினால் திரியத்தானே செய்யும்?

சுத்தம் செய்ததும் பல் ஆடுகிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலும்பு கரைந்த பல்லை அதுவரை காரை சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவு தான்.

கர்ப்பிணிகள் மருந்து வைக்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும், வெற்றிலையோடு புகையிலை போட்டாலும் எந்த மருந்தும் சரியாகப் பலன் தராது.

பிள்ளைக்குப் பல் வலி என்றால் அன்றைக்கே ஓடுகிறோம். நம் ஈறில் ரத்தம் வந்தால் மட்டும் மாசக் கணக்கில் தள்ளிப் போடலாமா? யோசியுங்கள் தோழிகளே!

- ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.