'சும்மா தைச்சது' என்ற பொய்

எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சோஃபாவில் ஒரு குரோஷா விரிப்பு இருக்கும், தலையணை உறையில் மயில் எம்பிராய்டரி இருக்கும். "ரொம்ப அழகா இருக்கே, யார் போட்டது?" என்று கேட்டால் அந்த வீட்டு அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான். "சும்மா... பொழுது போகலைன்னு தைச்சேன்."

அதே வீட்டுப் பையன் ஒரு வாழ்த்து அட்டையைப் பார்த்து மலையும் சூரியனும் வாட்டர் கலரில் வரைந்துவிட்டால் போதும், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க வீட்டு ஆர்ட்டிஸ்ட்" என்று காட்டுவார்கள். காப்பியடித்தவன் கலைஞன். நிறம் பார்த்து நூல் எடுத்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி தைத்தவள் பொழுது போகாதவள். என்ன நியாயம் இது?

இதற்கு 'அடக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடக்கமாவது மண்ணாவது! தன் வேலைக்கு ஒரு பெயரும் விலையும் கேட்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததன் விளைவு இது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-ல் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் என்ற பெண்ணின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். துணிகளை உருவங்களாக வெட்டி, அடித்துணி மேல் வைத்துத் தைத்து, பைபிள் கதைகளைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் ஒரு போர்வையைச் செய்தார். 'குவில்ட்' என்பார்கள். 1886-ல் ஏதென்ஸில் (கிரேக்க ஏதென்ஸ் இல்லை, ஜார்ஜியாவிலேயே ஒரு ஏதென்ஸ் உண்டு) நடந்த பருத்திக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை பார்த்து மயங்கி விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்கவில்லை. சில வருடங்களில் கஷ்டகாலம் வந்தது. 10 டாலர் கேட்டார். 1891-ல் 5 டாலருக்குக் கைமாறியது.

அந்த 5 டாலரோடு கதையை முடித்துக்கொண்டு 'ஐயோ பாவம்' என்று போய்விடாதீர்கள். போர்வையைக் கொடுக்கும்போது பவர்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இது இன்ன கதை, இந்த உருவம் இன்னார் என்று விளக்கினார். ஸ்மித் எழுதி வைத்துக்கொண்டார். அப்புறம் அந்தப் போர்வையைப் பார்ப்பதற்காகவே பலமுறை ஸ்மித் வீட்டுக்குப் போய் வந்தார். பொழுது போகாமல் தைத்தவர் செய்கிற காரியமா இது? எந்த மியூசியமும் சர்டிபிகேட் கொடுக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது, தான் யார் என்று. இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய இன்னொரு குவில்ட் பாஸ்டனில் இருக்கிறது. அதில் ஒரு கட்டத்தில் 1833-ன் நட்சத்திர மழை. அவர் பிறப்பதற்கு நான்கு வருடம் முந்தியது! கேள்விப்பட்டதைத் துணியில் பார்த்திருக்கிறார்.

படித்தவர்கள் மட்டும் யோக்கியமா? ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளி ஆண் பெண் சமம் என்று அறிவித்துவிட்டு, பெண்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கு அனுப்பியது. 1922-ல் அங்கே சேர்ந்த ஆனி ஆல்பர்ஸும் வேண்டாவெறுப்பாகத்தான் தறிக்குப் போனார். 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துக் குளிருக்குத் தைத்த போர்வைகள் 2002-ல் அருங்காட்சியகச் சுவருக்கு ஏறியபோது, மத்தீஸ், கிளே என்று ஆண் ஓவியர்களோடு ஒப்பிட்டுத்தான் பாராட்ட முடிந்தது விமர்சகருக்கு. (அந்த ஓவியர்களை இந்தப் பெண்களோடு ஒப்பிட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?)

"அப்போ ஊசி பிடிக்கிறவங்க எல்லாம் ஆர்ட்டிஸ்டா?" என்று ஒருவர் கிளம்புவார். இல்லை சார். பிரஷ் பிடிக்கிறவர் எல்லாரும் ஆர்ட்டிஸ்டா என்ன? கடையில் அச்சடித்து விற்கும் டிசைன் மேல் எண்பார்த்து நூல் ஓட்டுவது வேறு. பாதி மயில் முடிந்தபிறகு, 'இந்தப் பச்சை பக்கத்து நீலத்தை அமுக்குது' என்று இரண்டு நாள் வேலையைப் பிரித்துப் போடுகிறாளே, அது வேறு. யாரும் கேட்கவில்லை, யாரும் கவனிக்கப்போவதும் இல்லை. அவள் கண்ணுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

அந்த உறையின் மூலையில் மயில் இருக்கிறது, கொடி இருக்கிறது, தைத்தவள் பெயர் மட்டும் இல்லை. மூன்று எழுத்துக்கு எவ்வளவு நூல் செலவாகிவிடும்?