"மச்சி, ஒரு ஒன்லைன் சொல்லவா?"

நம்ம ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் இந்தக் கேள்வி காதில் விழாத நாளே கிடையாது. மெக்கானிக்கல், சிவில், இசிஇ என்று பேதமே இல்லை, எல்லார்கிட்டயும் ஒரு ஒன்லைன் இருக்கு. ஹீரோ யார் என்று முடிவாகியிருக்கும். மியூசிக் யார் என்று முடிவாகியிருக்கும். இன்டர்வெல் பிளாக்குக்கு பிஜிஎம்கூட வாயாலேயே போட்டுக் காட்டுவார்கள். "ஸ்கிரிப்ட் எங்கடா?" என்று கேட்டால் மட்டும் ஆள்காட்டி விரல் நெற்றிக்குப் போகும். "எல்லாம் இங்க இருக்கு மச்சி."

அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் என் கருத்து. கோபப்படாதீங்க, நானும் ரெண்டு வருஷம் அப்படி விரலை வைத்துக்கொண்டு திரிந்தவன்தான்.

என்னுடைய ஒன்லைன் இது. காவிரியில் தண்ணி வரத்து ஏறி, ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை போட்ட நாள். இருட்டுகிற நேரத்தில் ஒரு ஜோடி வந்து, கர்நாடகா அக்கரையில் கொண்டுபோய் விடச் சொல்லி ஒரு பரிசல்காரரைக் கேட்கிறது. இதைக் குறைந்தது நாற்பது பேரிடம் சொல்லியிருப்பேன். மெஸ்ஸில், காலேஜ் பஸ்ஸில், வேறொரு ஊருக்குக் கல்ச்சுரல்ஸ் போன இடத்தில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட. கேட்டவர்கள் எல்லாம் "செம மச்சி" என்றார்கள். அந்த 'செம'வுக்காகவே மறுபடி மறுபடி சொன்னேன்.

போன வருஷம் யூடியூபில் ஒரு குறும்படம் பார்த்தேன். ஆறு வேற, ஊர் வேற. ஆனால் தடை போட்ட நாள், ஒரு படகு, ஒரு ஜோடி. ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கேஸ் போடுடா" என்றான் ரூம்மேட். கேஸ் போட என்னிடம் என்ன இருந்தது? தேதி போட்ட ஒரு பக்கம்கூட இல்லை. அவர்கள் யாரிடமாவது கேட்டு எடுத்தார்களா, அவர்களுக்கே தோன்றியதா என்பதுகூட எனக்குத் தெரியாது. தோன்றியிருக்கலாம். தடை போட்டால் யாராவது மீறுவார்கள் என்று யோசிக்க ஐஐடி மூளையா வேணும்?

அந்த ஆத்திரத்தில்தான் காப்பிரைட் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. ஆனந்த் தொழிலால் ஒரு ஆர்க்கிடெக்ட், நாடகமும் எழுதுவார். 1953-ல் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதினார். ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு 'மதராசி'க் குடும்பம், நடுவில் ஒரு காதல். சினிமாக்காரர்களுக்கு அதை வாசித்தும் காட்டினார். 1956-ல் 'நியூ டெல்லி' என்று ஒரு இந்திப் படம் வந்தது. கிஷோர் குமார் பஞ்சாபிப் பையன், வைஜெயந்திமாலா தமிழ்ப் பெண். ஆனந்த் கோர்ட்டுக்குப் போனார். 1978-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் எல்லாக் கதைத் திருட்டு வழக்கிலும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு எண்ணத்துக்கோ, கதைக் கருவுக்கோ காப்பிரைட் கிடையாது. அதை எந்த வடிவத்தில், எப்படி அமைத்து வெளிப்படுத்தினாய் என்பதற்குத்தான் உண்டு. ஆனந்த் தோற்றார். எழுதி, மேடையேற்றி, வாசித்துக் காட்டியவருக்கே இதுதான் நிலைமை என்றால், தயிர்சாதம் பிசைந்துகொண்டே சொன்னவன் கதி என்ன?

சட்டப்படி நம்ம 'ஒன்லைன்' யாருக்கும் சொந்தமில்லை. காற்று மாதிரி.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பது நமக்கெல்லாம் தெரிந்த 'சர்கார்' விவகாரம். வருண் ராஜேந்திரன் 'செங்கோல்' என்ற கதையை 2007-லேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்து வைத்திருந்தார். தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போய்விட்டதில் இருந்து ஆரம்பிக்கிற கதை. பதினோரு வருஷம் கழித்து 'சர்கார்' வரும்போது அவர் புகார் கொடுத்தார். சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டையும் ஒப்பிட்டு, அடிப்படை ஒன்றுதான் என்றார். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2018 தீபாவளி ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்னால் சமரசமானது. படத்தில் வருண் பெயர் வந்தது. கரு மட்டும்தான் ஒன்று, திரைக்கதை முழுக்கத் தன்னுடையது என்றுதான் ஏ.ஆர். முருகதாஸ் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் வருணிடம் 2007 என்று தேதி போட்ட தாள்கள் இல்லாமல், வெறும் நெற்றியும் விரலும் மட்டும் இருந்திருந்தால், விஜய் படத்துக்கு முன்னால் அவர் சொல்லை யார் காதில் வாங்கியிருப்பார்கள்?

சரி, திருட்டுக்குப் பயந்துதான் எழுதணுமா என்று கேட்டால், இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்தக் குறும்படம் வந்த வாரமே, ரோஷத்தில், என் பரிசல் கதையை எழுத உட்கார்ந்தேன். ஒன்பதாவது காட்சியில் நின்றுவிட்டேன். ஜோடி வந்தாச்சு, கேட்டாச்சு, அவர் மறுத்தாச்சு, அப்புறம் ஒத்துக்கிட்டாச்சு. பிறகு? ரெண்டு வருஷமாக என் தலைக்குள் முழுப்படம் ஓடுவதாக நம்பிக்கொண்டிருந்தேன். ஓடியது ஒரு டிரெய்லர். நடுவில் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுமே இல்லை. நான் இழந்ததாக அழுததும் அந்த டிரெய்லரைத்தான். வாயால் சொல்லும்போது "அப்புறம் நிறைய நடக்குது மச்சி" என்று ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். தாளில் அந்த 'நிறைய'வை எழுதியாகணும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஒகேனக்கல் போனேன். அதுவரை குளிக்கவும் மீன் வறுவல் சாப்பிடவும் மட்டுமே போயிருந்த இடம். கரையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, வெள்ளத்துல அக்கரைக்குப் போறது ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போறதுக்கு என்னப்பா, ஆறே இழுத்துக்கிட்டுப் போயிடும். எங்க கொண்டுபோய் ஒதுக்குமோ, அங்கிருந்து திரும்பி வரணுமே, அதச் சொல்லு" என்றார். இழுத்துக்கொண்டுபோன தூரத்தை எல்லாம் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறையில் நடந்து ஏறணுமாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜோடி அக்கரை சேர்வதோடு என் கதை முடியவில்லை. விடிவதற்குள் அந்த மனுஷன் தனியாக, எதிர்த்திசையில், யார் கண்ணிலும் படாமல் திரும்பி வரணும். நான் தேடிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் அதில்தான் இருந்தது. எழுதி முட்டிக்கொண்டு நின்றிருக்காவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே தோன்றியிருக்காது.

ஊர் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் நம்ம மாவட்டம் எப்படி வந்திருக்கிறது? 1992-ல் வந்த 'ரோஜா'வின் முதல் பாட்டில் ஒகேனக்கல் கொட்டுகிறது, அழகாக. அதே 1992, ஜூன் 20-ல்தான் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி நடந்தது. சந்தனக் கட்டை தேடுவதாகப் போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊரையே சிதைத்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-ல் தர்மபுரி கோர்ட் கொடுத்த தண்டனையை 2023-ல்தான் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அதே வருஷம் வந்த 'விடுதலை' முதல் பாகத்தைப் பார்த்த பலருக்கும் வாச்சாத்தி ஞாபகம் வந்தது. 2000-ல் இலக்கியம்பட்டியில் பஸ் எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்ததை வைத்து பாலாஜி சக்திவேல் 'கல்லூரி' எடுத்தார். நல்ல படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டுக்கு அருவி, கிளைமாக்ஸுக்கு ஒரு கொடுமை. இரண்டுக்கும் நடுவில் இங்கே மனுஷங்க வாழ்றதை யார் எழுதுவது? பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்த காலையில் ஒரு வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது கோடம்பாக்கத்து டிஸ்கஷன் ரூமுக்குத் தெரியாது. பெங்களூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்குகிற அப்பா, தூங்குகிற பிள்ளையை எழுப்புவாரா மாட்டாரா? நம்மில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

இப்போது ஒரு நண்பர் கேட்பார்: "தமிழ் சினிமாவுல யாருடா ஸ்கிரிப்ட் படிக்கிறாங்க? கதை கேக்குறாங்க. வாயால சொல்லத் தெரிஞ்சா போதும்." உண்மைதான். இங்கே தயாரிப்பாளரும் நடிகரும் கதை 'கேட்பவர்கள்'. மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் மாதிரி, லோகிததாஸ் மாதிரி, எழுத்தாளர் பெயருக்காகவே படம் பார்க்கப் போகிற வழக்கம் உண்டு. நம்ம போஸ்டரில் 'எழுத்து, இயக்கம்' என்று ஒரே பெயர். இயக்குநர் ஆகாமல் திரைக்கதை மட்டும் எழுதிப் பிழைப்பது இங்கே ரொம்பக் கஷ்டம். டிஸ்கஷனில் மாசக்கணக்கில் உட்கார்ந்து சீன் சொன்னவர்களுக்கு டீயும் பேட்டாவும் கிடைக்கும், பெயர் கிடைக்காது. 'சூப்பர் டீலக்ஸ்' மாதிரி நான்கு பேர் எழுதியதாக டைட்டிலில் போடுவது அபூர்வம். இந்தியிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். 1973-ல் 'சஞ்சீர்' போஸ்டர்களில் தங்கள் பெயர் இல்லை என்று சலீம்-ஜாவேத் பெயின்டரை வைத்து பம்பாய் முழுக்கத் தாங்களே எழுத வைத்தார்கள். அவர்கள் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், எழுதியது அவர்கள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆகவே படிப்பை விட்டுவிட்டு ஒன்லைனோடு சென்னைக்கு பஸ் ஏறுவதை நான் வீரம் என்று சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்றாம் வருஷத்தில் அப்படிப் போனார். இரண்டு வருஷம் உதவி இயக்குநர். வாடகைக்கு அவர் அம்மா ஊரிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அவரிடம் முழுதாக எழுதிய ஒரு கதை இல்லை, எழுத நேரமே கிடைக்கவில்லை என்கிறார். அதுதான் எனக்கு வலித்தது. இங்கே ஹாஸ்டலில், மூணு வேளைச் சோற்றோடு, நமக்குத்தான் நேரம் கிடக்கிறது.

சுஜாதா எம்ஐடியில் எலக்ட்ரானிக்ஸ் படித்த என்ஜினியர். பெங்களூரு பெல் நிறுவன வேலையில் இருந்துகொண்டேதான் எழுதினார். நான் சொன்ன அந்த 'ரோஜா'வுக்கு வசனமும் அவர்தான். 'விடுதலை'க்கு அடிப்படையான 'துணைவன்' கதையை எழுதிய ஜெயமோகன், 90-களில் நம்ம பாலக்கோட்டிலும் தர்மபுரியிலும் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். அவர் சினிமாவுக்குள் வந்தது 2005-க்குப் பக்கத்தில், அதற்குள் நாவல்களாக எழுதிக் குவித்திருந்தார். கார்த்திக் சுப்பராஜ் மதுரை தியாகராஜரில் மெக்கானிக்கல் படித்து, ஐடி வேலை பார்த்து, 'நாளைய இயக்குநர்' குறும்படங்கள் வழியாக 2012-ல் 'பீட்சா'வுக்கு வந்தார். யாரும் வெறுங்கையோடு வரவில்லை.

கருவி பற்றி ஒரு வார்த்தை, நாம என்ஜினியரிங் பசங்க என்பதால். காசு கட்டி சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம். ஃபவுண்டன் என்று ஒரு இலவச எழுத்து முறை இருக்கிறது, சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தை வைத்துத்தான் அது கதாபாத்திரப் பெயரைக் கண்டுபிடிக்கும். தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால் பெயருக்கு முன்னால் ஒரு @ போடுங்கள், காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி வையுங்கள், போதும். ஒரு பக்கம் ஒரு நிமிஷம் என்கிற ஆங்கிலக் கணக்கைத் தமிழில் நம்ப வேண்டாம், நம்ம சொற்கள் நீளம். வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' படியுங்கள். முடித்தபின் காப்பிரைட் ஆபீஸில் 500 ரூபாய் கட்டி ஆன்லைனில் பதிவு செய்யலாம். பதிவு செய்யாவிட்டாலும் எழுதிய கணமே உரிமை உங்களுடையதுதான், பதிவு என்பது சாட்சி.

என் பரிசல் கதை இப்போது 54 காட்சி. 31-வது காட்சியில் அந்த மனுஷன் பாறையிடுக்கில் உட்கார்ந்து ஒரு பீடி பற்ற வைக்கிறார், அதற்குப் பிறகு அவர் என்ன செய்வார் என்று மூன்று வாரமாகத் தெரியவில்லை. படித்துவிட்டு முகத்துக்கு நேராகச் சொல்ல ஆள் வேணும். சனிக்கிழமை சாயங்காலம் மெஸ் பின்னால் இருக்கிற புளியமரத்தடியில் பிரின்ட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்களுடையதையும் கொண்டுவாங்க, பத்துப் பக்கம் இருந்தாலும் சரி. ஒன்லைன் மட்டும் வேணாம், ப்ளீஸ்.