பண்ணை வீட்டுக் கோடை

அமெரிக்கா என்ற சொல் காதில் விழுந்தவுடனே வானத்தைத் தொடும் மாளிகைகளும் ஹாலிவுட் நட்சத்திரங்களுமே நம்மில் பலருடைய மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆனால் அந்தத் தேசத்துக்குச் சோறு போடுகிறவர்கள் வேறு மனிதர்கள். அயோவா, இல்லினாய்ஸ், மின்னஸோட்டா முதலிய ராஜ்யங்கள் அடங்கிய சமவெளியில் அவர்கள் வசிக்கிறார்கள். அந்தப் பிரதேசத்துக்கு 'மத்திய மேற்கு' என்று பெயர். பூகோளப் படத்தை விரித்துப் பார்த்தால் அது மேற்கிலேயே இல்லை! கிழக்குக் கடற்கரையில் முதலில் குடியேறியவர்களுக்கு அந்தப் பக்கமெல்லாம் மேற்குதான். பின்னர் தேசம் பசிபிக் சமுத்திரம் வரையில் வளர்ந்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

1862-ஆம் வருஷத்தில் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் செய்தார்கள். ஐந்து வருஷம் குடியிருந்து உழுது பயிரிடுகிற குடும்பத்துக்கு 160 ஏக்கர் நிலம் ஏறக்குறைய இலவசம் என்றார்கள். தர்மம் பெரியதுதான், ஆனால் நிலம் கொடுத்தவருடையதா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆதிக்குடிகள் முன்னதாகவே மேற்கு நோக்கி விரட்டப்பட்டிருந்தார்கள். பண்ணை வாழ்க்கையின் அழகைப் பேசும்போது இதையும் மறப்பதற்கில்லை.

அங்கே நாம் அறிந்த மாதிரி கிராமம் கிடையாது. தெருவும் திண்ணையும் இல்லை. நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக அளந்து, சதுரங்கப் பலகையைப் போல் சாலைகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வீடும் தன் வயலின் நடுவே தனியாக நிற்கிறது. ஆகையால் பண்ணை வீட்டுக் குழந்தைக்குத் தன் அண்ணன் தம்பிகளும் ஆடுமாடுகளுமே முதல் சிநேகிதர்கள்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் மூடினால் பெரும்பாலும் ஆகஸ்டுக் கடைசியில்தான் மறுபடி திறக்கும். சுமார் மூன்று மாத விடுமுறை! குழந்தைகளுக்குக் கொண்டாட்டந்தான் என்று நேயர்கள் நினைக்கலாம். ஆனால் அந்த நாட்களில் சூரியன் பதினைந்து மணி நேரம் வானத்தில் இருக்கிறான். அவன் இருக்கும் வரையில் வேலையும் இருக்கிறது. ஏழு வயதுச் சிறுமி கோழிகளுக்குத் தீனி வைத்து முட்டை பொறுக்குகிறாள். அவளுடைய அண்ணன் கன்றுக்குப் பால் புகட்டுகிறான். இவற்றையெல்லாம் முடித்த பிறகுதான் காலை ஆகாரம்.

கோடையின் பெரிய வேலைகளில் ஒன்று புல் அறுப்பு. குதிரைமசாலை அறுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, யந்திரத்தால் கட்டுக் கட்டாகக் கட்டி, கொட்டகையில் அடுக்க வேண்டும். பனிக்காலத்தில் மாடுகளுக்கு அதுதான் ஜீவாதாரம். நடுவே மழை பெய்தால் புல்லின் சத்துப் போய்விடும். ஈரத்தோடு அடுக்கினாலோ ஆபத்து இன்னும் அதிகம். உள்ளே சூடு ஏறி, தானாகவே தீப்பற்றிக் கொட்டகை முழுவதும் எரிந்து போவதுண்டு. எனவே மேற்கே ஒரு கருமேகம் தலைகாட்டினால் போதும். வீட்டில் உள்ள எல்லோரும், கையில் இருக்கும் காரியத்தைப் போட்டுவிட்டு வயலுக்கு ஓடுகிறார்கள்.

ஆனாலும் அயோவாவின் அரசன் மக்காச்சோளந்தான். அவர்களுடைய சுதந்தர தினமான ஜூலை 4-ஆம் தேதிக்குள் பயிர் முழங்கால் உயரம் வளர்ந்திருக்க வேண்டும் என்பது பாட்டன் காலத்துக் கணக்கு. இக்காலத்து விதைகளோ அதற்குள் ஆள் உயரத்தை எட்டிப் பிடிப்பதும் உண்டு. இந்த மாறுதலுக்குக் காரணமானவர்களில் ஒருவர் ஹென்றி வாலஸ். குடியானவர்களுக்கான பத்திரிகையை மூன்று தலைமுறையாக நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். 1926-இல் கலப்பின மக்காச்சோள விதைக்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார். 1941 முதல் 1945 வரையில் நாட்டின் உப ஜனாதிபதியாகவும் விளங்கினார். பத்திரிகாசிரியர்களாலும் உலகத்துக்குச் சில சமயம் உபயோகம் உண்டு என்பதற்கு இது ஓர் அத்தாட்சி!

அந்தக் கலப்பு விதையை உண்டாக்குவதற்கு, விதை வயலில் குறிப்பிட்ட வரிசைகளின் உச்சியில் உள்ள ஆண் பூக்கொத்தைக் கிள்ளி எறிய வேண்டும். யந்திரம் விட்டதை மனிதக் கைதான் தேடிப் பிடிக்கிறது. ஜூலை மாதத்தில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் கூட்டமாக இந்த வேலைக்குப் போகிறார்கள். காலையில் பனித்துளி உடம்பை நனைக்கிறது. நடுப்பகலில் வெயில் வறுக்கிறது. சோள இலையின் ஓரமோ கத்தியைப் போல் அறுக்கிறது. அநேகம் பேருக்கு வாழ்நாளில் முதல் சம்பளம் அதுதான்.

வீட்டு எஜமானியின் பாடு இதற்குக் குறைந்ததல்ல. தோட்டத்துத் தக்காளியையும் பீன்ஸையும் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, கொதிக்கக் கொதிக்கச் சூடேற்றிப் பனிக்காலத்துக்குச் சேமிக்கிறாள். 1930-களின் நடுவில் பத்துப் பண்ணை வீடுகளுக்கு ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. அவளுடைய பாட்டி இத்தனையையும் விறகு அடுப்பின் அனலில் செய்தாள். இன்று அடுப்பு மாறியிருக்கிறது. ஆனால் புதிதாக ஒரு சுமை சேர்ந்திருக்கிறது. பண்ணை வருமானம் நிச்சயமில்லாததால் பல குடும்பங்களில் மனைவி பக்கத்து ஊரில் ஆசிரியையாகவோ நர்ஸாகவோ வேலை பார்க்கிறாள். மாதச் சம்பளமும் வைத்தியச் செலவுக்கான இன்ஷூரன்ஸும் அதிலிருந்துதான் வருகின்றன.

கோடையின் முடிவில் திருவிழா வருகிறது. அயோவா ராஜ்யப் பொருட்காட்சி 1854-இல் ஆரம்பித்தது. அங்கே சுமார் 600 ராத்தல் வெண்ணெயால் ஆளுயரப் பசு ஒன்றைச் செய்து, குளிர்ந்த கண்ணாடி அறையில் நிறுத்துகிறார்கள். 1911-ஆம் வருஷத்திலிருந்து நடந்துவரும் வழக்கம் இது. ஆனால் குழந்தைகளின் மனத்தை ஆட்டிவைப்பது வேறொன்று. மாதக்கணக்காகத் தாங்களே வளர்த்து, குளிப்பாட்டி, பெயரிட்டு அழைத்த கன்றையோ ஆட்டையோ ஜில்லாப் பொருட்காட்சிக்கு அழைத்து வருகிறார்கள். நீலப் பட்டுப் பட்டையைப் பரிசாகப் பெறுகிறார்கள். அப்புறம் ஏலம். வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்பது பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். பணத்தைப் படிப்புக்காகப் பாங்கியில் போடுகிறான். இரவில் தலையணையை நனைக்கிறான். இந்தப் பாடத்தைச் சரி என்பாரும் உண்டு, கொடுமை என்பாரும் உண்டு. உண்பது எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் உண்கிற நம்மைவிட, அறிந்து அழுகிற அந்தப் பையன் ஒருபடி மேல் என்றே நாம் கருதுகிறோம்.

இப்படிப்பட்ட வீடு ஒன்றில்தான் 1914-இல் நார்மன் போர்லாக் பிறந்தார். கிரெஸ்கோ என்ற ஊருக்கு அருகே, ஓர் அறைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் மெக்ஸிகோவில் உருவாக்கிய கோதுமை விதை 1966-இல் 18,000 டன் அளவில் பாரத நாட்டுக்கு வந்தது. அதை வரவழைத்த உணவு மந்திரி சி. சுப்பிரமணியம், அதற்காகப் பாடுபட்ட விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன். இருவரும் தமிழர்கள். பின்னர் போர்லாக் ஏற்படுத்திய உலக உணவுப் பரிசு, 1987-இல் முதல் முதலாகச் சுவாமிநாதனுக்கே அளிக்கப்பட்டது. அயோவாவின் பண்ணை வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு!

ஆனால் அந்த வீடுகளின் எதிர்காலம் என்ன? 1935-இல் அமெரிக்காவில் சுமார் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022-ஆம் வருஷத்துக் கணக்கின்படி 19 லட்சந்தான் மிஞ்சியிருக்கின்றன. குடியானவரின் சராசரி வயது 58. மக்காச்சோளத்தின் விலையை விளைவித்தவர் நிர்ணயிப்பதில்லை; சிகாகோ சந்தை நிர்ணயிக்கிறது. 1980-களில் கடன் சுமை தாங்காமல் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலமும் கலப்பையும் ஏலத்தில் போயின. அன்று ஏலத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளில் பலர் பட்டணத்துக்குப் போனவர்கள்தான், திரும்பவில்லை.

ஒரே குடும்பத்திடம் நூறு வருஷம் நிலைத்த பண்ணைகளுக்கு அயோவா ராஜ்யத்தில் 1976 முதல் மரியாதை செய்து வருகிறார்கள். ஆகஸ்டுப் பொருட்காட்சியில் முதியவர்கள் மேடையேறி அந்தக் கௌரவத்தைப் பெற்றுக்கொள்கிறார்கள். கீழே நின்று கைதட்டும் பேரப்பிள்ளைகளில் நிலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒருவராவது முன்வர வேண்டும். அவர் ஆணாயிருந்தால் என்ன, பெண்ணாயிருந்தால் என்ன? வருகிறவர் வாழ்க என்று நாமும் இங்கிருந்தே வாழ்த்துகிறோம்.