934-க்கு 931: துப்பாக்கியா, ஆளா?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கமே வர முடியலை. இன்னிக்கு ஒரு வீட்டுப் பஞ்சாயத்து.

இங்கே புனேயில் என் பொண்ணு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். போன மாசப் போட்டியில் ஒரு குண்டைப் பக்கத்து லேன் டார்கெட்டில் சுட்டுவிட்டாள். அதற்குப் பூஜ்யம். 6 புள்ளியில் தேர்வு போச்சு. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. கோச் சொன்னது: "ரைஃபிள் பழசு சார், புதுசு வாங்குங்க." தங்கமணி பி.எஃப். லோன் வரை போயாச்சு. என் கட்சி வேறே.

1874 செப்டம்பர் 26, நியூயார்க் பக்கம் கிரீட்மூர் மைதானம். அயர்லாந்து - அமெரிக்கா போட்டி. அணிக்கு 6 பேர். 800, 900, 1000 கெஜம் ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 15 குண்டு. நட்டநடுவில் பட்டால் 4 புள்ளி.

ஐரிஷ்காரர்கள் கையில் டப்ளின் ரிக்பி துப்பாக்கி. குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்புவது. செய்தவர் ஜான் ரிக்பியே அணியில் ஒருவர்! அமெரிக்கர்களிடம் இந்தப் போட்டிக்கென்றே செய்த ரெமிங்டனும் ஷார்ப்ஸும், பின்பக்கம் தோட்டா போடுகிற புது ரகம். எது உசத்தி என்று ஊரெல்லாம் வாதம்.

முடிவு? அமெரிக்கா 934, அயர்லாந்து 931. பக்கத்துக்கு 270 குண்டு சுட்டு வித்தியாசம் மூணே மூணு!

ஐரிஷ் வீரர் மில்னர் ஒரு குண்டை நட்டநடுவில்தான் அடித்தார், ஆனால் வேறு டார்கெட்டில். எங்க பேங்க் பாஷையில், தொகை சரி, கணக்கு எண் தப்பு. அந்த 4 சேர்ந்திருந்தால் 935, கோப்பை அவர்களுக்கு. கடைசிக் குண்டு அமெரிக்காவின் போடைனுக்கு. சோடா பாட்டில் உடைந்து கையில் ரத்தம். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நடுவில் அடித்தார்.

கருவி முக்கியமில்லை என்று சொல்லவில்லை. பின்னாளில் பின்பக்கம் நிரப்பும் ரகம்தான் நிலைத்தது. பெல்லட்கூட டப்பாவுக்கு டப்பா மாறும், சோதித்துத்தான் வாங்கணும். ஆனால் டார்கெட் நம்பரை எந்தக் குழலும் பார்த்துச் சொல்லாது.

ஊரை விட்டு வந்த நமக்கு ஒரு வியாதி. பிள்ளைக்கு நேரம் கொடுக்க முடியாத இடத்தில் பொருளை வாங்கிக் கொடுத்துவிடுவோம். அவள் பயிற்சியை நான் ஒருநாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. புது ரைஃபிள் அடுத்த வருஷம் பார்க்கலாம். ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை பேங்க் லீவு, இனிமேல் ரேஞ்சுக்கு நானும் போகப் போறேன்.

மில்னர் கதையைச் சொன்னேன். "அவரும் அழுதாராப்பா?"ன்னு கேட்டாள். பதில் தெரியலை. நீங்க என்ன சொல்றீங்க மக்களே?