மூன்றாவது கையெழுத்து



சித்திரை வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில் என் தோழியின் மகள் நம் இதழின் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் தாம்பாளம் இல்லை; ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகையும் இல்லை. "சித்தி, எங்க கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும். ஆதார் அட்டைய மறக்காம எடுத்துட்டு வந்துருங்க" என்றாள். எத்தனையோ கல்யாணங்களில் மொய் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட வா என்று என்னை அழைத்த முதல் கல்யாணம் இதுதான்.

அவள் உப்பளத்துக் குடும்பத்துப் பெண். மாப்பிள்ளை தூத்துக்குடிக் கடற்கரையின் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். துறைமுகத்தை நம்பி நடக்கும் சரக்கு நிறுவனம் ஒன்றில் இருவருக்கும் வேலை. அவளும் மதம் மாற வேண்டாம், அவனும் மாற வேண்டாம் என்று இரண்டு வீட்டாரையும் பேசிப் பேசி இசைய வைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. எல்லாரும் சம்மதித்த பிறகும் மாப்பிள்ளையின் பாட்டி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ரிஜிஸ்டர் ஆபீஸ்லயா? அது ஓடிப்போறவுக செய்றதுல்லா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ரிஜிஸ்டர் கல்யாணம் என்றதும் நம் ஊரில் யாருக்கும் மனதில் வருகிற படம் ஒன்றுதான். பயந்த முகங்கள் இரண்டு, நண்பர்களின் பைக்குகள் நாலு, அவசரமாக வாங்கிய மாலை, வாசலில் ஒரு டீ. சாதியின் பெயரால் பிள்ளைகளின் உயிரையே எடுக்கிற மண்ணில், அந்த ஜோடிகளுக்கு அந்த அலுவலகம் அடைக்கலமாக இருந்திருக்கிறது, இன்னும் இருக்கிறது. அது அந்த அலுவலகத்துக்குப் பெருமை. அங்கே நடக்கிற கல்யாணத்துக்கு உறவுகள் போகாமல் இருந்ததுதான் நமக்குச் சிறுமை.

பாக் நீரிணைக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்தில், பதிவுத் திருமணத்துக்கு 'எழுத்து' என்று பெயர். பதிவாளர் வீட்டுக்கே வருவார். பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் கையொப்பம் இடுவார்கள், பலகாரம் பரிமாறுவார்கள். எழுத்து முடிந்துவிட்டது என்பதை ஊருக்கு மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். பிரான்சில் நகராட்சி மன்றத்தில் நடக்கும் திருமணம்தான் சட்டப்படி செல்லும். கோயிலில் நடப்பது அதற்குப் பிறகுதான். அங்கெல்லாம் அரசு அலுவலகப் படியேற யாரும் கூச்சப்படுவதில்லை.

சடங்கில்லாத திருமணத்தில் நமக்கும் ஒரு வரலாறு உண்டு. தூத்துக்குடியிலிருந்து மதுரை போகும் சாலையில் அருப்புக்கோட்டை வரும். அதன் அருகே உள்ள சுக்கிலநத்தத்தில் 1928-ல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதரும் இல்லை, மந்திரமும் இல்லை. அதைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானோர் மணம் செய்துகொண்டார்கள். ஆனால் 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. குழந்தை குட்டியோடு வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி இல்லை என்றானது. அண்ணா முதல்வரானதும் 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும், கல்யாணம் செல்லும். 1968 ஜனவரி 20 முதல் நடப்புக்கு வந்த அந்தத் திருத்தம், அதற்கு முன் நடந்த திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. எளிமையாக மணம் முடிக்கும் உரிமை நாற்பது வருஷம் காத்திருந்து வாங்கிய உரிமை.

இனி, இந்தப் பிள்ளைகளைப் போல நினைப்பவர்களுக்கு நடைமுறையைச் சொல்கிறேன். சட்டத்தில் வழி இரண்டு. இருவரும் இந்துக்கள் என்றால், கோயிலிலோ வீட்டிலோ 7-ஏ முறையிலோ கல்யாணத்தை முடித்துவிட்டு, பிறகு பதிவு செய்யலாம். அங்கே அலுவலகம் செய்வது பதிவு மட்டுமே. மதம் வேறு வேறு என்றாலும், சடங்கே வேண்டாம் என்றாலும் 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இதில் கல்யாணமே அதிகாரி முன்னால்தான் நடக்கும். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம் என்று கிளம்புகிறார்கள்.

சிறப்புத் திருமணத்துக்கு முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அதற்கு முந்தைய 30 நாள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். 30 நாள் கழிந்து, தடை இல்லையென்றால் மணம் முடிக்கலாம். அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். எவரும் எதையும் சொல்லித் தடுத்துவிட முடியாது. வயது நிரம்பவில்லை, ஏற்கெனவே மணமானவர், விலக்கப்பட்ட உறவு என்பது போலச் சட்டம் சொல்லும் காரணம் இருக்க வேண்டும். சாதியும் மதமும் அந்தப் பட்டியலில் இல்லை. எந்த முறையில் மணந்தாலும் தமிழ்நாட்டில் 2009-ன் சட்டப்படி பதிவு கட்டாயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த அறிவிப்பு விஷயத்தைத்தான் பாட்டியிடம் முதலில் சொன்னேன். "கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்காங்கள்லா, அதே மாதிரிதான் பாட்டி. யாருக்கும் தெரியாம ஓடிப்போறவுக பேர எதுக்குச் செவுத்துல ஒட்டப் போறாங்க?" பாட்டி பதில் சொல்லவில்லை. ஆனால் திருப்பிய முகம் என் பக்கம் வந்தது.

நாள் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நல்ல முகூர்த்த நாளில், கல்யாணமும் நடக்கிற பத்திர ஆபீஸில் கிரயப் பத்திரம் பதிய வருகிற கூட்டமே நெரியும். கூட்டம் குறைந்த வேலைநாளாகப் பார்த்துக் கேளுங்கள். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை; அந்த நாளைத் தவிருங்கள். எத்தனை பேர் உள்ளே வரலாம், படம் எடுக்கலாமா என்று முன்கூட்டியே அதிகாரியிடம் கேட்டுவிடுவது மரியாதை. கூடுதல் கட்டணம் செலுத்தி, அலுவலகத்துக்கு நியாயமான தொலைவில் உள்ள வேறு இடத்தில் மணம் முடிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. நடக்க முடியாத பெரியவர்கள் உள்ள வீட்டார் இதை விசாரித்துப் பாருங்கள்.

அழகுக்கு வருவோம். அறை சிறியது, நேரம் குறைவு. எனவே கொண்டுபோகிற ஒவ்வொன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். எங்கள் பெண் கனத்த பட்டை விட்டுவிட்டு மதுரைச் சுங்குடிச் சேலை கட்டினாள். கடற்கரை வெக்கைக்கு அதுதான் சரி. மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி சட்டை. மாலை தோவாளையிலிருந்து வந்த மாணிக்க மாலை. அரளியும் ரோஜாவும் நொச்சி இலையும் சேர்த்து மணி பதித்ததுபோல் கட்டுவார்கள், மேசைக்கு முன் நிற்கும் இருவருக்கு உறுத்தாது. தாம்பூலப் பையில் ஆத்தூர் வெற்றிலை, உடன்குடிக் கருப்பட்டி, நம் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம். எல்லாமே நமக்குப் பக்கத்து மண்ணில் விளைந்தவை, செய்தவை. படம் எடுக்க ரோச் பூங்காக் கடற்கரைக்குச் சாயங்காலம் போனார்கள். விருந்து வீட்டு மாடியில், ஐம்பது பேருக்கு. கல்யாணக் கடனை அடைக்க நகை அடகுக்குப் போகவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு வேலைநாள், முற்பகல் பதினொரு மணி. சிறப்புத் திருமணச் சட்டம் கேட்கும் சொல் ஒரே வாக்கியம்தான். உன்னைச் சட்டப்படி என் மனைவியாக ஏற்கிறேன், உங்களைக் கணவராக ஏற்கிறேன் என்று அதிகாரியும் மூன்று சாட்சிகளும் கேட்க, இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். மேளம் இல்லாததால் அந்த வாக்கியம் அறையில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. மண்டபத்துக் கல்யாணங்களில் மணமக்களின் குரலை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் சாட்சி பெண்ணின் தாய்மாமன். இரண்டாவது நான். மூன்றாவதாக வர வேண்டிய நண்பர் பக்கத்தில் நிற்க, பாட்டி நாற்காலியை விட்டு எழுந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மெல்லிய சங்கிலியில் கோத்த அரிசி அளவு முத்து ஒன்றை எடுத்துப் பெண்ணின் கழுத்தில் போட்டார். இந்தக் கடலில் 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் அவருடைய அப்பா மூழ்கிச் சிப்பி எடுத்தவர். அவர் பங்குக்கு வந்த சிப்பியில் கிடைத்த முத்து அது. பிறகு தன் ஆதார் அட்டையை மேசையில் வைத்து, "நான் போடுதேன்" என்றார். எழுத்துக் கூட்டி, நிதானமாக, தமிழில் தன் பெயரை எழுதினார். மணமக்கள் கையொப்பத்தோடு அந்த எழுத்தும் சான்றிதழ்ப் புத்தகத்தில் நிலைத்துவிட்டது.

வாசகர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பிள்ளை வந்து, "சாட்சிக் கையெழுத்துப் போட வாங்க" என்று கேட்டால், ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். அந்த மேசைக்கு நகையும் வேண்டாம், சீரும் வேண்டாம். சட்டம் கேட்பது மூன்று மனிதர்களை மட்டும்தான். அந்த மூவரில் ஒருவராகப் போய் நில்லுங்கள். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்