இரங்கி இறங்கிய இறைவன்

இறைவனின் இரக்கத்தைப் பற்றி மிகுதியாகப் பேசலாகாது என்று சொல்வோர் நம் பங்குகளில் பெருகி வருகின்றனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் 8 முதல் 2016 நவம்பர் 20 வரை இரக்கத்தின் சிறப்பு யூபிலி ஆண்டை அறிவித்தபோதே இந்த முணுமுணுப்பு எழுந்தது. “இரக்கம், மன்னிப்பு என்று ஓயாமல் போதித்தால் பாவத்துக்கு அஞ்சுவார் யார்? ஒழுங்காக வாழ்ந்தவனுக்கும் மனம்போனபடி திரிந்தவனுக்கும் ஒரே பந்தியா?” என்று கேட்கின்றனர். கேட்போர் ஞாயிறு திருப்பலி தவறாதவர்கள். பங்குப் பேரவையில் பொறுப்பு வகிப்பவர்கள். தவக்காலத்தில் ஒருசந்தி காப்பவர்கள். ஆகவே அதை அற்பமென ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் அக்கேள்விக்குள் பதுங்கியிருப்பது பாவத்தைக் குறித்த அச்சமன்று. தகுதியில்லாதவன் என்று நாம் முடிவுகட்டிய ஒருவன் நம் பக்கத்தில் வந்து அமர்ந்துவிடுவானோ என்னும் அச்சமே அது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

மீட்பு என்பது உழைத்துப் பெறும் கூலி என்ற எண்ணம் புதியதன்று. பிரித்தானியாவிலிருந்து உரோமைக்கு வந்த பெலாஜியுசு என்னும் துறவி, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதன் தன் சொந்த ஆற்றலாலேயே கட்டளைகளைக் கடைப்பிடித்து இறைவனுக்கு ஏற்றவனாக முடியும் என்று போதித்தார். அவர் தீயவர் அல்லர்; உரோமைக் கிறிஸ்தவரின் தளர்ந்த ஒழுக்கத்தைக் கண்டு மனம் வெதும்பியவர். இன்று நம்மிடையே முணுமுணுப்போரின் ஆதங்கமும் ஏறக்குறைய அதுவே. அவரை எதிர்த்து நின்றவர் புனித அகுஸ்தீன். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியக் கொள்கையைக் கண்டித்தது. 529இல் ஒராஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒருபடி சென்று, நம்பிக்கையின் முதல் அசைவு கூட அருளின் கொடையே என்று அறிக்கையிட்டது. 1547இல் திரெந்துப் பொதுச்சங்கமும், நம்மை நீதிமான்களாக்கும் அந்த அருளை நம் செயல் எதனாலும் சம்பாதிக்க இயலாது எனத் தெளிவாக வரையறுத்தது. எனவே இரக்கத்தை முதலிடத்தில் வைப்பது நேற்று முளைத்த புதுமையன்று. 2018இல் வெளியிட்ட ஊக்கவுரை ஒன்றில் திருத்தந்தை பிரான்சிஸ் பெலாஜியத்தின் புதிய வடிவங்களைப் பெயர் சொல்லி எச்சரித்தபோது, அந்தப் பழைய படிப்பினையைத்தான் நினைவூட்டினார்.

ஆனால் வரலாற்றைவிட நம்மை நிலைகுலையச் செய்ய வேண்டியது ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் ஒரு துண்டும். பெரிய வியாழனன்று ஆண்டுதோறும் பன்னிருவர் வரிசையாக அமர, குருவானவர் குனிந்து பாதம் கழுவுகிறார். (அமர்வோர் வீட்டிலேயே பாதங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவது நம்மவர் வழக்கம், அழுக்கோடு ஆண்டவரின் கையில் காலைக் கொடுக்க எவரும் துணிவதில்லை.) அந்த இரவில் பேதுரு தம் கால்களை இழுத்துக்கொண்டார். பார்வைக்கு அது தாழ்ச்சிபோல் தோன்றுகிறது. உண்மையில் அது தாழ்ச்சியன்று. உயரத்தில் வீற்றிருக்கும் ஆண்டவரை வணங்க அவருக்குத் தடையில்லை. தம் காலடியில் முழந்தாளிடும் ஆண்டவரைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தலைவர் அவ்வளவு தாழ்ந்துவிட்டால், சீடன் ஏறி நிற்க இடம் ஏது? கழுவ விடாவிட்டால் தம்மோடு அவருக்குப் பங்கே இல்லை என்று இயேசு சொன்னதன் கடுமையை நாம் கவனிக்க வேண்டும். பேதுருவின் தகுதியைக் குறித்து அங்கே ஒரு சொல்லும் இல்லை. குனியும் இறைவனை ஏற்பாயா, மாட்டாயா என்பது ஒன்றே கேள்வி.

தமிழில் இரங்குதல் வேறு, இறங்குதல் வேறு. எழுத்தும் வேறு, பொருளும் வேறு. ஆனால் நம் மறையின் நடுமையத்தில் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் சொல்வது இதுவே: இறைத்தன்மையில் விளங்கியவர் தம்மையே வெறுமையாக்கி, அடிமையின் வடிவெடுத்து, சிலுவைச் சாவுவரை கீழ்ப்படிந்தார். அன்றைய உரோமை உலகில் சிலுவை பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. உரோமைக் குடிமகனாகிய பவுல் அந்தச் சாவுக்குரியவர் அல்லர். நம் ஆண்டவரோ அதற்குரியவர்களின் வரிசையில் போய் நின்றார். அரண்மனை மாடத்திலிருந்து காசு வீசும் அரசனின் கருணைக்கும் இந்த இரக்கத்துக்கும் தொடர்பில்லை. வீசியவன் மேலேயே இருக்கிறான். பொறுக்கியவன் கீழேயே இருக்கிறான். கிறிஸ்துவின் இரக்கத்தில் மேலே எவரும் இல்லை; அவரே கீழே வந்துவிட்டார்.

இந்த உண்மையை நாம் எவ்வளவு ஏற்றோம் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்டன் என்பவர் இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். அவர் ஏற்ற பெயர் தேவசகாயம். கடவுளே உதவி என்பது அதன் பொருள். குலமும் பதவியும் உதவும் என்று நம்பி வளர்ந்தவர், அவற்றை விட்டு அந்தப் பெயரை ஏற்றார். எல்லாக் குலத்தாரோடும் கலந்து பழகினார். மேற்குலத்தாரின் வெறுப்பைச் சம்பாதித்தார். 1752 சனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்தார். அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், பீடத்தருகே சேர்ந்து வாயிலை நோக்கிப் பிரியும் இரு கால்களாகக் கட்டப்பட்டது. ஒரு காலில் வேளாளர். மறுகாலில் நாடார் முதலிய ஏனையோர். நடுவே தடுப்பு. ஒரே அப்பத்தை உண்போர் ஒருவரையொருவர் பாராமல் உண்பதற்கென்றே வகுத்த கட்டடக் கலை! 1910இல் கௌசானல் அடிகளார் அத்தடுப்பை இடித்தார். இழந்த உரிமையை மீட்பதற்காகச் சிலர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அவர்கள் கேட்ட உரிமை யாதெனில், இறைவனின் இரக்கத்தைத் தனியாகப் பெற்றுக்கொள்ளும் உரிமை.

2022 மே 15 அன்று உரோமையில் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது, பெயரோடு வழங்கிவந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. அதற்காக நம்மவருள் சிலர் வருந்தியதைக் கேட்டபோது, இடிந்த தடுப்பின் செங்கற்களை இன்னும் எங்கேயோ அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றியது.

செங்கற்கள் அடுக்கப்பட்டே இருக்கின்றன என்பதை 2008 மார்ச் மாதம் எறையூரிலும் கண்டோம். ஒரே மறையைச் சார்ந்த இரு சாராரிடையே மூண்ட பூசலில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டது; இருவர் மாண்டனர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2003 நவம்பரில், உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவரிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான தோழமைக்கு எதிர்ச்சான்று என எடுத்துரைத்திருந்தார். அச்சொற்களை எத்தனை மறையுரைகளில் கேட்டோம்? சாதி என்றதும் சமூகப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டு, மீட்பு என்றதும் கண்ணை மூடிக்கொள்வது நமக்கு வசதியாயிற்று. இவ்விரண்டும் ஒன்றே என்கிறோம் நாம். பிறப்பால் உயர்ந்தவன் என்று எண்ணுகிறவன், தன்னை மீட்கக் கடவுள் குனிய வேண்டியிருந்தது என்பதை மறுக்கிறான். ஆலயத்து மின்விசிறியின் இறக்கைதோறும் உபயம் செய்தவரின் பெயரைத் தீட்டி, அது சுழலும்போது வாசிக்க முடியவில்லையே என்று வருந்துவதும் அந்த மறுப்பின் சிறு குட்டிதான். அதைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம். மதிலைக் கண்டு சிரிக்க முடியாது.

“அப்படியானால் மனந்திரும்புதல் வேண்டாமா? நற்செயல் வேண்டாமா?” என்பார்கள். வேண்டும், ஆனால் எது முந்தியது என்பதில்தான் நம் வழக்கு. எரிகோவில் சக்கேயு மரத்தின்மேல் இருந்தார். குட்டையான மனிதர், ஆனால் பணத்தால் உயர்ந்தவர். ஆண்டவர் அண்ணாந்து பார்த்து, இறங்கி வரும்படி அழைத்தார். அன்றைக்கு அவர் வீட்டில் தங்கப்போவதாகவும் சொன்னார். முன்நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. கணக்குக் கேட்கவில்லை. ஊரார் முணுமுணுத்தனர். அதன் பிறகே, சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றும், ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு என்றும் சக்கேயு எழுந்து நின்று சொல்கிறார். இரக்கம் பாவத்தைப் பெருக்கும் என்போர் இந்தத் தொகையைக் கூட்டிப் பார்க்கட்டும். எந்த அச்சுறுத்தல் அவரிடமிருந்து இவ்வளவைக் கறந்திருக்கும்? இரக்கம் மலிவானதன்று, பெற்றவனின் பெட்டகத்தையே திறக்கச் செய்வது அது. ஆனால் பெறுவதற்கு முதலில் மரத்தை விட்டு இறங்க வேண்டியிருந்தது.

லிசியே நகர்ப் புனித தெரேசாள் 1895 சூன் 9 அன்று தம்மை இறைவனின் இரக்கமுள்ள அன்புக்குக் கையளித்தபோது, வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு இறைவன்முன் நிற்கவே விரும்பினார். நம்மில் பலரோ கைநிறைய எடுத்துச் செல்ல எண்ணுகிறோம்: நேர்ச்சைகள், நன்கொடைச் சீட்டுகள், குலப்பெருமை, நாம் விலக்கி வைத்தவர்களின் பட்டியல். அத்தனையையும் ஏந்திய கைகள் நற்கருணையைப் பெற எப்படி விரியும் என்று எவரும் கேட்பதில்லை.

வருகிற நவம்பர் 2 கல்லறைத் திருநாள். குருவானவர் தீர்த்தச் செம்போடு கல்லறை கல்லறையாக மந்திரித்துச் செல்வார். சில ஊர்களில் அவர் பாதியில் நின்று, ஒரு மதிலைச் சுற்றிக்கொண்டு, வேறொரு வாயில் வழியாக நுழைந்து, மீதியை மந்திரிக்க வேண்டியிருக்கும். அம்மதிலின் இருபுறமும் கிடப்போர் ஒரே உயிர்ப்புக்காகக் காத்திருக்கின்றனர் என்றுதான் நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். மதிலை எந்தப் பங்குப் பேரவை முதலில் தீர்மானம் போட்டு இடிக்கப் போகிறது?