வீட்டுச் சுவரில் ஒரு சித்திர சபை

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அந்தப் படங்கள் இல்லாத வீட்டைக் காண்பது அபூர்வம்.

மயிலோடு முருகன், தாமரையில் லட்சுமி, மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம். சாமியின் முகத்தில் சாந்தம். பின்னால் மலை, மேகம், நீர்நிலை.

மளிகைக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் இனாமாகக் கொடுத்த காலண்டர்கள் அவை. வருஷம் முடிந்ததும் தேதித் தாளைத் தூர எறிந்தார்கள். படத்தை எறிய மனம் வரவில்லை. அதை வெட்டி எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, பூஜை அறையில் மாட்டினார்கள். விளக்கேற்றிக் கும்பிட்டார்கள்.

படத்தின் அடியில், ஓர் ஓரத்தில், சிறிய எழுத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே.

அந்தப் படங்களில் பலவற்றில் இருந்த பெயர்: சி. கொண்டையராஜு.

கோடிக் கைகள் கும்பிட்ட படத்தை எழுதியவரின் பெயர், கும்பிட்டவர்களுக்கே தெரியாமல் போயிற்று. இது நியாயமா?

மயிலாப்பூரிலிருந்து கோவில்பட்டிக்கு

கொண்டையராஜு 1898-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றார். படித்த படிப்புக்குப் பட்டணத்திலேயே ஓர் உத்தியோகம் தேடிக்கொண்டிருக்கலாம். அவருடைய மனம் அதில் செல்லவில்லை. திருவண்ணாமலைக்குப் போய், ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். கடைசி வரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நடிக்க அல்ல, 'சீன்' எழுத!

அந்தக் கம்பெனி ஊர் ஊராகச் சுற்றியது. 1940-களில் கோவில்பட்டிக்கு வந்தபோது கலைந்து போயிற்று. நடிகர்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். கொண்டையராஜு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார்.

கோவில்பட்டி அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986-ல்தான். அங்கே டி. எஸ். சுப்பையா, ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம், செண்பகராமன் முதலிய இளைஞர்கள் அவரிடம் தொழில் கற்றார்கள். 'தேவி ஆர்ட் ஸ்டூடியோ' உருவாயிற்று. பக்கத்தில் சிவகாசி. அங்கே அச்சு இயந்திரங்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தன. அச்சகத்துக்குப் படம் வேண்டும். ஓவியருக்கு வேலை வேண்டும். இரண்டும் கைகோத்துக்கொண்டன.

குருவும் சீடர் சுப்பையாவும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள் உண்டு. தன் பெயருக்குப் பக்கத்தில் சீடன் பெயரையும் எழுத இடம் கொடுத்த பெரிய மனசு அது.

1976-ல் அவர் காலமானார்.

படுதாவில் பிறந்த மலை

சாமி படத்தில் எல்லாரும் சாமியைப் பார்ப்பார்கள். சாமிக்குப் பின்னால் இருக்கும் மலையையும் நீரையும் ஆகாயத்தையும் சற்றே பார்க்க வேண்டும். அங்கேதான் பழைய நாடகக் கம்பெனிக்காரர் ஒளிந்திருக்கிறார்.

நாடகப் படுதா எழுதுவது லேசான காரியம் அல்ல. ஓர் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட துணி. பசை கலந்த பொடி வண்ணம். காட்டு சீன், தெரு சீன், அரண்மனை சீன், தடாக சீன் என்று பலவும் வேண்டும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அது காடாகத் தெரிய வேண்டும். துணி தட்டையானது. ஆனால் பார்ப்பவனுக்கோ அதற்குள் பத்து மைல் தூரம் தெரிய வேண்டும்!

அதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. அம்பாசமுத்திரத்து வயல் வரப்பில் காலையில் நின்று மேற்கே பார்த்தால் அது விளங்கும். காலடியில் உள்ள நாற்று பச்சைப் பசேல் என்று இருக்கிறது. சற்றுத் தூரத்துத் தென்னந்தோப்பு கரும்பச்சையாக இருக்கிறது. அதற்கும் அப்பால் உள்ள பொதிகை மலை மட்டும் நீலமாகத் தெரிகிறது. மலையிலும் மரங்கள்தான் இருக்கின்றன. ஆனாலும் நீலம்! இடையில் உள்ள காற்றும் ஈரமும் தூரத்துப் பச்சையை நீலமாக்கிவிடுகின்றன. ஆகவே ஓவியர், கிட்டத்தில் இருப்பதை அழுத்தமாகவும் தூரத்தில் இருப்பதை வெளிறிய நீலமாகவும் எழுதுகிறார். துணிக்குள் தூரம் வந்துவிடுகிறது.

படுதாவில் பழகிய கை, காலண்டரிலும் அதையே செய்தது. கோவில்பட்டியோ கரிசல் பூமி. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் வெடிப்பு. அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு எழுதிய படங்கள், தமிழ்நாட்டு வீடுகளுக்குள் குளிர்ந்த மலையையும் நிறைந்த நீரையும் கொண்டுவந்தன. ஓலைக் குடிசையில் ஜன்னல் கிடையாது. ஆனால் சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. அதுவே ஜன்னல்!

"இதெல்லாம் கலையா?"

"காலண்டர் படமா? அது வியாபாரம். அதைப் போய்க் கலை என்கிறீர்களே!" என்று சொல்பவர்கள் உண்டு.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அது வியாபாரந்தான். ஒரு படம் நன்றாக விற்றால், அதே மாதிரி இன்னொன்று கேட்பார்கள். ஓவியர் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. ரவிவர்மா 1894-ல் அச்சுக்கூடம் நிறுவி சாமி படங்களை வெளியிட்டார். அந்தப் படங்களின் சாயல் பின்னால் வந்த எல்லார் மீதும் விழுந்தது. முகங்கள் ஒன்றுபோல் இருக்கின்றன என்ற குறையும் உண்டு.

ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். விலை கொடுத்துப் படம் வாங்க முடியாதவன் வீட்டுக்குப் படம் வந்தது. கலைக்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்காத பாட்டி, நாள்தோறும் ஒரு படத்தின் முன் கண்மூடி நின்றாள். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை, எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் படத்தைப் படித்தது. ஒரு கலை இதைவிட வேறு என்ன செய்ய வேண்டும்?

நெல்லைச் சீமைக்கு இது புதிதும் அல்ல. நடராஜர் ஆடும் ஐந்து சபைகளில் இரண்டு இந்தப் பக்கத்தில்தான் உள்ளன. திருநெல்வேலியில் தாமிர சபை. குற்றாலத்தில் சித்திர சபை. சித்திர சபையில் இறைவனே சுவர் ஓவியமாக இருக்கிறான். மக்கள் ஓவியத்தைத்தான் வணங்குகிறார்கள். தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர்க் கோவில் கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்தால், நிலைக்கு நிலை பழைய ஓவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. படத்தைக் கும்பிடுவதும், படத்தில் கதை சொல்வதும் இந்த மண்ணின் பழக்கம். கோவில் சுவரில் இருந்ததைக் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான்.

லண்டனில் இருக்கிறது பாபநாசம்

ஒரு சங்கதி கேட்டால் வியப்பாக இருக்கும்.

1792-ல் இரண்டு வெள்ளைக்கார ஓவியர்கள் தெற்குச் சீமைக்கு வந்தார்கள். தாமஸ் டேனியல் என்பவரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும். பாஞ்சாலங்குறிச்சியில் வீரபாண்டிய கட்டபொம்மன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அவர்கள் பாபநாசம் போய், அருவியைப் பார்த்து எழுதினார்கள். ஊர் திரும்பியபின், இந்தியக் காட்சிகள் 144-ஐ அச்சிட்டு வெளியிட்டார்கள். அவற்றில் பாபநாசம் அருவியும் ஒன்று. லண்டன் நூலகத்தில் இன்றும் அது பத்திரமாக இருக்கிறது.

பாபநாசம் பிறகு மாறிவிட்டது. 1944-ல் அங்கே மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். மேலே அணை வந்தது, குழாய் வந்தது. ஊருக்கு வெளிச்சம் வந்தது. வயலுக்குத் தண்ணீர் வந்தது. அது நல்ல காரியமே. ஆனால் அணைக்கு முன்னால் அந்த இடம் எப்படி இருந்தது? அதைச் சொல்லும் சாட்சிகளில் ஒன்று, எங்கிருந்தோ வந்த இருவர் எழுதிய படம்!

நம்மவர்கள் எழுதவில்லையா? எழுதினார்கள். நாடகப் படுதாக்களிலும் போட்டோ ஸ்டூடியோத் திரைகளிலும் எத்தனையோ மலைகளும் ஆறுகளும் இருந்தன. படுதா கிழிந்தது, தரையில் விரித்தார்கள். திரை மங்கியது, குப்பையில் போட்டார்கள். காலண்டர் பழுத்தது, அலமாரியில் விரித்தார்கள், பொட்டலம் கட்டினார்கள்.

அவர்கள் காப்பாற்றினார்கள். நாம் கிழித்தோம். வித்தியாசம் இவ்வளவே.

இன்று நடப்பது

நஷ்டம் பழைய படங்களோடு முடியவில்லை. ஊருக்கு இரண்டு பேராவது விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தார்கள். கடைப் பெயர், சினிமா பானர், கோவில் வாசலில் சாமி உருவம் எல்லாம் அவர்கள் கை வேலைதான். ஃபிளெக்ஸ் அச்சு வந்தது. பத்து நாள் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. தூரிகை பிடித்த கைகள் வேறு கூலி தேடிப் போயின.

"கையில் கேமரா உள்ள போன் இருக்கும்போது படம் எழுதுபவர் எதற்கு?" என்று கேட்கலாம்.

கேமரா முன்னால் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்ளும். ஓவியரோ ஓர் இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, எது முக்கியம் என்று பார்த்து எழுதுகிறார். அப்படிப் பார்க்கப் பழகியவனுக்கு ஆற்றில் சாக்கடை கலப்பதும், மணல் குறைவதும் முதலில் கண்ணில் படும். தன் ஊரைப் படமாக எழுதத் தெரிந்த பிள்ளை, தன் ஊரை அழிய விடாது.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய பணம் தேவையில்லை. மனம் வேண்டும்.

முதலாவது: பழைய காலண்டர் படம் வீட்டில் இருந்தால் எறியாதீர்கள். எந்த வருஷம், எந்த ஊர்க் கடையில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள்.

இரண்டாவது: பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் படங்களுக்கு அங்கே ஓர் அறை வேண்டும். அச்சகங்களில் மூல ஓவியங்கள் மூட்டையாகக் கிடக்குமானால், உரிமையாளர்கள் மனம் வைத்து அவற்றைப் பார்வைக்குத் தர வேண்டும். கோவில்பட்டியிலும் அந்தக் குருவுக்கும் சீடர்களுக்கும் ஒரு நினைவுக்கூடம் அமைந்தால் ஊருக்குப் பெருமை.

மூன்றாவது: பள்ளிக்கூடத்தில் சித்திர வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குப் பறித்துக்கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். பேஸ்டல் என்னும் வண்ணக் கட்டி ஒரு பெட்டி போதும். தண்ணீர் வேண்டாம், தூரிகை வேண்டாம். தாளில் தேய்த்து விரலால் இழுத்துவிட்டால் மேகம் வரும், மலை வரும். சித்திர வாத்தியார் பிள்ளைகளைச் சுலோசன முதலியார் பாலத்தருகே ஆற்றங்கரைக்கு ஒரு நாள் அழைத்துப் போகட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கண்ணில் பட்ட தாமிரபரணியை எழுதட்டும்.

நான்காவது: வீட்டு விசேஷத்துக்கு, உள்ளூர் ஓவியரிடம் ஒரு படம் எழுதச் சொல்லி வாங்குங்கள். அடியில் அவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கொண்டையராஜு எழுதிய படங்களுக்கு மக்கள் பூப்போட்டார்கள், சூடம் காட்டினார்கள். அந்த மரியாதை முழுவதும் சாமிக்குப் போய்ச் சேர்ந்தது. அது சரியே.

ஆனால் அந்தச் சாமியை வீட்டுக்கு அழைத்து வந்தவருக்கும் சிறிது மிச்சம் இருக்க வேண்டாமா?

இன்று வீட்டுச் சுவரில் பழைய படம் ஏதாவது தொங்கினால், தூசியைத் துடைத்துவிட்டு அடியில் உள்ள பெயரைப் படித்துப் பாருங்கள். சத்தமாகவே படியுங்கள். அந்தச் சித்திரக்காரருக்கு அதுவே முதல் மாலை!